சைக்கிளில் எந்தக் கேமரா? நான்கு தெரிவுகளின் ஒப்பீடு

மருத்துவர் சொன்னதன் பேரில் காலை நடையை விட்டுச் சைக்கிளுக்கு மாறிய நண்பர் ஒருவர், சைக்கிள் வாங்கிய மறுவாரமே வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, சைக்கிள் வந்தாச்சு. வீட்டுல மூணு கேமரா கெடக்கு. எதைத் தூக்கிட்டுப் போக?" என்று கேட்டார். பிலிம் காலத்திலிருந்து படமெடுத்துப் பழகிய பாளையங்கோட்டைக்காரர்கள் சிலர் கடந்த சில ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளுக்கு வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். முதன்முதலாகக் கேமரா வாங்குபவரின் குழப்பம் வேறு வகையானது. இவர்களிடம் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றின் மேல் முப்பது நாற்பது ஆண்டுப் பற்றும் இருக்கிறது, ஒவ்வொரு லென்ஸும் எப்படிப் பார்க்கும் என்பது கண்ணுக்கு மனப்பாடமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் முழுவதும் நடந்தோ பேருந்திலோ காரிலோ போய்ப் படமெடுத்ததில் வந்தது. சைக்கிள் அதில் பாதியைச் செல்லாததாக்கிவிடுகிறது.

என் கை பழகியது அப்பாவின் அக்பா கிளிக் 3 கேமராவில். 120 என்ற அளவுப் பிலிம் சுருள் ஒன்றில் 12 சதுரப் படங்கள் விழும். சுருளும் கழுவும் கூலியும் சேர்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் யோசிக்க வைத்துவிடும். அதன்பின் கையில் இருந்த எல்லாக் கேமராவையும் ஏதோ ஒரு காலத்தில் சைக்கிளில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள ஒப்பீடு அந்தப் பழக்கத்திலிருந்து எழுதியது. தாமிரபரணிக் கரைச் சாலைகளும், வயல் வரப்புகளை ஒட்டிய கிராமத்துத் தார்ச்சாலைகளும், கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளும்தான் இதன் பின்னணி. மலை ஏறுபவருக்கும் பந்தயச் சைக்கிள் ஓட்டுபவருக்கும் இதன் முடிவுகள் அப்படியே பொருந்தாது.

## முதலில் அளவுகோல்கள்

கேமராக்களை ஒப்பிடும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை (எத்தனை மெகாபிக்சல், இரவில் எப்படி எடுக்கும், வீடியோ உண்டா) இங்கே ஓரமாக வைத்துவிடலாம். சைக்கிளில் போகிறவருக்கு முக்கியமானவை வேறு ஐந்து.

முதலாவது, நிற்பதற்கும் எடுப்பதற்கும் இடையிலான நேரம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் ஒரு நொடியில் நான்கரை மீட்டர் கடந்துவிடுகிறார். வாய்க்கால் ஓரம் மாடு குளிப்பாட்டும் ஒருவர் கண்ணில் பட்டு, "நிற்கலாமா" என்று மனம் மூன்று நொடி தயங்கினால், காட்சி பதிமூன்று மீட்டர் பின்னால் போயிருக்கும். அதன்பின் பிரேக் பிடித்து, இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, பையின் ஜிப்பைத் திறந்து, லென்ஸ் மூடியைக் கழற்றி எடுக்க வேண்டும். முதுகுப்பையில் கேமரா வைத்திருந்த நாட்களில் இதற்கு எனக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில் தவறிப்போன படங்களைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. இரண்டு மூன்று முறை இப்படி இறங்கி ஏறியபின் நான்காவது இடத்தில் நிற்கவே தோன்றாமல் போய்விடுகிறது. அதைத்தான் இழப்பாக நினைக்கிறேன். எனவே, "ஒரு பயணத்தில் எத்தனை முறை நிற்க மனம் வருகிறது" என்பதையே கேமராவின் தகுதியாக எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, நடுக்கம். மிதித்து வந்து நின்றவுடன் மூச்சு வாங்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல அதிரும். கையில் பிடித்து எடுப்பதற்கு லென்ஸின் குவியத் தூரத்தை (மி.மீ.யில் சொல்வது; அது கூடக் கூடத் தூரத்துக் காட்சி நெருங்கித் தெரியும்) தலைகீழாக்கிய ஷட்டர் வேகம் போதும் என்பது பழைய விதி: 50 மி.மீ. லென்ஸுக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. சைக்கிளிலிருந்து இறங்கிய முதல் நிமிடத்தில் அதை இரட்டிப்பாக்கிக்கொள்வது என் வழக்கம். 28 மி.மீ. லென்ஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, 600 மி.மீ.க்கு இது படத்தையே தீர்மானிக்கும்.

மூன்றாவது, சாலையின் அதிர்வும் தூசியும் வியர்வையும். நான்காவது, விழுந்தால் என்ன ஆகும் என்பது. கேமராவுக்கு மட்டுமல்ல, நமக்கும். ஐந்தாவது, சைக்கிளை விட்டு நகர முடியுமா என்பது: கிருஷ்ணாபுரம் கோயில் வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டுச் சிற்பங்களைப் பார்க்க உள்ளே போகிறவர், கேமராவைச் சைக்கிளில் விட்டுப் போக முடியாது. அது பெட்டியோடு சைக்கிளில் கட்டியிருந்தால் ஒன்று கோயிலைத் துறக்க வேண்டும், அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

எடையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருக்கலாம். ஆளும் சைக்கிளுமாகச் சேர்ந்து 90 கிலோ இருந்தால், மூன்று கிலோ கேமராச் சுமை அதில் முப்பதில் ஒரு பங்குதான். எங்கள் பக்கத்துச் சமதளச் சாலையில் காலைத் தடுப்பது காற்றே தவிர எடை அல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு இது தெரியும். அந்த எடை உடம்பில் இருக்கிறதா, சைக்கிளில் இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

## தெரிவு ஒன்று: கைபேசி

எப்படியும் சட்டைப்பையில் இருக்கும் கருவி என்பதால் இதற்குத் தனிச் செலவு இல்லை, தனிச் சுமையும் இல்லை. இன்றைய நல்ல கைபேசிகள் வெயிலும் நிழலும் கலந்த காட்சியை, பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, பிலிம் காலத்தில் நாங்கள் கனவில்கூட நினைக்காத அளவுக்குச் சமன்செய்து தருகின்றன. எடுத்த இடம், நேரம் ஆகியவை தாமாகவே பதிவாகிவிடும். எந்த ஊர் வாய்க்கால் என்று பின்னால் யோசிக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் மூன்று. வியர்த்த விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக இசையாது. காலை எட்டு மணி வெயிலுக்குமேல் திரையில் காட்சியைவிட நம் முகம்தான் தெளிவாகத் தெரியும். அடுத்து மின்கலம்: வழி காட்டுவதும், ஓடிய தூரத்தைப் பதிவதும், படமெடுப்பதும் ஒரே கருவியாக இருக்கும்போது, சக்கரம் பஞ்சரான இடத்தில் வீட்டுக்கு அழைக்க மின்சாரம் மிஞ்சாத நாளும் வரும். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. கைபேசியைக் கைப்பிடியில் கவ்வியில் பொருத்தி ஓட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நடுக்கம் குறைக்கும் கைபேசிக் கேமராவில் லென்ஸோ, ஒளியைப் படமாக்கும் உணரியோ (சென்சார்) நுண்ணிய பகுதிகளின்மேல் மிதந்தபடி இருக்கும். சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு இந்தப் பகுதிகளைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லை, உண்மைதான். ஆனால் சரளை பெயர்ந்த சாலையில் காற்று முறுக்காக அடித்த மெல்லிய சக்கரம் கைப்பிடிக்குத் தரும் குலுக்கலைப் பார்த்தபின் என் கைபேசியைச் சட்டைப்பைக்கே மாற்றிவிட்டேன்.

உடற்பயிற்சி முதலாவது, படம் இரண்டாவது என்று வைத்திருப்பவருக்கு இதுவே சரியான தெரிவு. ஆனால் வாழ்நாள் முழுவதும் கண்பார்வைத் துளையில் கண் வைத்துப் படச்சட்டம் அமைத்துப் பழகியவருக்கு, கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பது கடைசிவரை ஒட்டாமலே இருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கத்துக்கு அந்த உரிமை உண்டு.

## தெரிவு இரண்டு: பாக்கெட் கேமரா

கைபேசி வந்தபின் இந்த வகையே அழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மலிவான பாக்கெட் கேமராக்கள் அழிந்தது உண்மை. எஞ்சியிருப்பவை பெரிய உணரி கொண்ட, விலை கூடிய சிறு கருவிகள். சைக்கிள்காரருக்காகவே செய்ததுபோல் இருப்பவையும் இவைதாம்.

எடுத்துக்காட்டாக ரிக்கோ ஜிஆர் 3: மின்கலத்தோடு 257 கிராம், பெரிய எஸ்எல்ஆர் கேமராக்களில் இருக்கும் அளவிலான ஏபிஎஸ்-சி உணரி, 28 மி.மீ.க்கு நிகரான ஒரே லென்ஸ். பொத்தானை அழுத்திய ஒரு நொடிக்குள் தயாராகிவிடும். குவியத்தை முன்கூட்டியே இரண்டு மீட்டர், இரண்டரை மீட்டர் என்று ஒரு தூரத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. ஒரு காலைத் தரையில் ஊன்றி, இன்னொரு காலைப் பெடலிலேயே வைத்து, ஒற்றைக் கையால் எடுத்துவிடலாம். இறங்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். எல்லாத் தூரத்துக்கும் ஒரே கருவி வேண்டும் என்பவருக்கு 24 முதல் 200 மி.மீ. வரை நீளும் சோனி ஆர்எக்ஸ்100-இன் ஏழாம் பதிப்பு 302 கிராமில் கிடைக்கிறது. உணரி சிறியது, விலை பெரியது. மழைக்காலத்தையே குறிவைப்பவருக்கு ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற முரட்டு வகை உண்டு: 15 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அதன் உணரி மிகச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் படம் மணல்மணலாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு தூசிதான். நீண்டு சுருங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் சிறிது காற்றை உள்ளிழுக்கிறது. அதோடு தூசியும் போகிறது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால், உணரியில் ஒட்டிய ஒரு துகளை எடுக்கக்கூடக் கேமராவைப் பிரித்தாக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து அதை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிகளுக்குக் காற்றுக் காலத்தில் இந்த வகைக் கேமராவைக் கொண்டுபோகவே கூடாது. மின்கலமும் சிறியது: ஜிஆர் 3-க்கு ஒரு மின்னேற்றத்தில் 200 படங்கள் என்பதே கணக்கு. எனவே உபரி மின்கலம் ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தெருவும் மனிதர்களும் சாலையோரமும் எடுப்பவருக்கு இதைவிடச் சிறந்த தெரிவு எனக்குத் தெரியவில்லை. சிறு கருவியைப் பார்த்து யாரும் விறைப்பாவதில்லை. வயலில் நாற்றுப் பறிப்பவர்கள் ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். சைக்கிளில் வந்தவன் என்பதாலும் ஒரு நெருக்கம் கிடைக்கிறது. காரிலிருந்து இறங்கி வருபவருக்கு அது கிடைப்பதில்லை.

## தெரிவு மூன்று: சிறிய மிரர்லெஸ், ஒற்றை லென்ஸ்

கைபேசித் திரை ஒட்டாத அந்தப் பிடிவாதக்காரர்களுக்கு உரிய இடம் இது. மிரர்லெஸ் என்பது எஸ்எல்ஆரில் இருக்கும் உள்கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. கண் வைத்துப் பார்க்கும் துளை இருக்கும், கைக்கு அடங்கிய பிடி இருக்கும், எடை அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். கேனன் ஆர்50 உடல் 375 கிராம்தான். அதனோடு தட்டையான சிறு லென்ஸ் ஒன்றைப் பூட்டினால் முழுத் தொகுப்பும் பழைய பிலிம் எஸ்எல்ஆர் ஒன்றின் உடலைவிட இலகுவாக இருக்கும். லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்ட ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100வி 478 கிராம். இதையும் இந்த வகையிலேயே சேர்க்கிறேன், ஏனென்றால் இது சட்டைப்பையில் நுழையாது.

ஒற்றை லென்ஸ் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். லென்ஸ் மாற்றும் கேமராவைச் சைக்கிளில் கொண்டுபோய், சாலையோரத்தில் உண்மையிலேயே லென்ஸை மாற்றுகிறவர் இரண்டு சிக்கலில் மாட்டிக்கொள்கிறார். லாரி ஒன்று கடந்தால் எழும் புழுதி திறந்த உணரியின் மேல் படிகிறது. மாற்றுவதற்கு மூன்று கை தேவைப்படும் நேரத்தில் சைக்கிள் ஒரு பக்கம் சரிகிறது. நியூயார்க் தெருக்களில் பல பத்தாண்டுகள் சைக்கிளில் சுற்றி மக்களின் உடைகளைப் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் (1929–2016) கழுத்தில் ஒரு கேமராவோடுதான் வாழ்நாளைக் கழித்தார். அவரிடமிருந்து 28 சைக்கிள்கள் களவு போயின என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. விலை குறைந்த சைக்கிளும் உடம்பை விட்டுப் பிரியாத கேமராவும் என்ற அவருடைய ஏற்பாட்டில் நமக்கும் பாடம் உண்டு: பணத்தை எதில் போடுவது என்ற ஐயம் வந்தால், பூட்டிவிட்டுப் போக வேண்டிய பொருளில் குறைவாகப் போடலாம்.

எந்தக் குவியத் தூரம் என்பதில் என் கருத்து பலருக்கு ஒப்பாது. நடந்து போகிறவருக்கு 50 மி.மீ. போதும், இரண்டடி முன்னே பின்னே நகர்ந்து சட்டத்தைச் சரிசெய்துகொள்வார். சைக்கிள்மேல் அமர்ந்திருப்பவர் அப்படி நகர மாட்டார், சோம்பல் விடாது. நின்ற இடத்திலிருந்தே எடுக்கும்போது அகலம் கூடிய லென்ஸ்தான் கைகொடுக்கிறது: 28 அல்லது 35 மி.மீ.க்கு நிகரானது. அகலமாக எடுத்து வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டிப் போட்டாலும் சுவரில் மாட்டும் அளவுக்கு மிஞ்சும்.

மறைமுகச் செலவாக இரண்டைச் சொல்லலாம். கேமரா உடலிலேயே நடுக்கம் குறைக்கும் பொறி உள்ளவற்றில் உணரி மிதந்தபடி இருக்கும். கைபேசிக்குச் சொன்ன எச்சரிக்கை இவற்றுக்கும் ஓரளவு பொருந்தும் என்பதால், கைப்பிடிப் பையில் போட்டுக் குலுக்குவதைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்று பூஞ்சை. வியர்வையில் நனைந்த பட்டையும் பையுமாகக் கேமராவை அப்படியே அலமாரியில் வைப்பவரின் லென்ஸில், மழைக்காலம் முடியும்போது வெண்ணிற நூலாம்படை ஒன்று படர்ந்திருக்கும். காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர்பெட்டி ஒன்று வேண்டும். இல்லையென்றால் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். பையை வெயிலில் காயவைத்து, கேமராவை நிழலில் ஆறவைத்து, அதன்பிறகே இரண்டையும் சேர்க்க வேண்டும்.

## தெரிவு நான்கு: டெலி லென்ஸ் தொகுப்பு

பறவைதான் வேண்டும் என்பவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது; தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ்தான் வேண்டும். சிக்மா 150–600 மி.மீ. லென்ஸின் இலகு வகையே 1,930 கிராம். நிக்கான் 200–500 மி.மீ. 2,300 கிராம். கேமராவையும் சேர்த்தால் மூன்று கிலோ வந்துவிடும். இதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு. ஒலிம்பஸ் 75–300 மி.மீ. லென்ஸ் 423 கிராம்தான். அந்த வகைக் கேமராவின் சிறு உணரியால் அது 600 மி.மீ.க்கு நிகராகிறது, ஆனால் வெளிச்சம் நன்றாக இருந்தால்தான் பயன். நிக்கான் பி900 போன்ற பிரிக்க முடியாத நீள்ஜூம் கேமரா 899 கிராமில் 2,000 மி.மீ.க்கு நிகரான தூரம் வரை போகும்; விரல்நகத்தைவிடச் சிறிய உணரி என்பதால் அதிகாலையில் தடுமாறும். இன்ன பறவை என்று அடையாளம் காண்பதே நோக்கமானால் பி900 போதும். சுவரில் மாட்ட வேண்டுமானால் போதாது.

கூந்தன்குளத்தை வைத்து இதைப் பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பார்க்கிறார்கள். அந்தக் கூடுகளுக்கு 300 மி.மீ.யே தாராளம். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளத்தின் நடுவில் இருக்கும். அவற்றுக்கு 600-உம் போதாது. ஆக, "பறவைக்கு டெலி வேண்டும்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தப் பறவை, எந்த மாதம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தத் தெரிவின் உண்மையான செலவு பயணத்தின் வடிவமே மாறிவிடுவதுதான். மூன்று கிலோ டெலியோடு போகும் நாளில் சாலை என்பது போய்ச்சேரும் வழியாக மட்டும் ஆகிவிடுகிறது. நடுவில் எங்கும் நிற்பதில்லை. 76 கிலோமீட்டர் போய்வந்து, படமெடுத்தது ஒரே இடத்தில். அதற்கு முதல் பேருந்திலோ நண்பரின் காரிலோ போயிருக்கலாம். வெளிச்சமும் காத்திருக்காது: இங்கே சூரியன் மே இறுதியில் ஆறு மணியை ஒட்டியும் ஜனவரி இறுதியில் 6.40-ஐ ஒட்டியும் எழுகிறது. விடியும் முன் இரண்டரை மணி நேரம் இருட்டில் மிதித்தால்தான் முதல் வெளிச்சத்தில் குளக்கரையில் நிற்க முடியும்.

சைக்கிளுக்கு ஒரு நன்மையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சாலையோரக் குளத்துப் பறவைகள் ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளைப் பொருட்படுத்துவதில்லை. நின்றவுடன்தான் கழுத்தை நீட்டுகின்றன. எனவே சற்றுத் தாண்டிப் போய் நின்று, இறங்காமல் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் அவை மறுபடி மேயத் தொடங்கும். மூச்சும் அதற்குள் அடங்கியிருக்கும். முக்காலிக்குப் பதிலாகப் புளியங்கொட்டை நிரப்பிய துணிப்பை ஒன்றைச் சீட்டின் மேல் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்தி எடுக்கலாம். அதற்குச் சைக்கிள் அசையாமல் நிற்க வேண்டும். பழைய கறுப்புச் சைக்கிளின் இரட்டைக்கால் ஸ்டாண்டில் அது கோயில் தூண்போல நிற்கும். இன்றைய இலகுச் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஸ்டாண்டே இல்லாமல் விற்பனைக்கு வருகின்றன. ஒளிப்படக்காரர் சைக்கிள் வாங்கும்போது கியர் எண்ணிக்கைக்கு முன்னால் கேட்க வேண்டியது ஸ்டாண்டைப் பற்றித்தான். அடுத்தது சக்கரத்தின் அகலம்: 35 மி.மீ.க்குக் குறையாத, காற்று முறுக்கில்லாத சக்கரம் எந்தப் பையையும்விட நன்றாகக் கேமராவைக் காக்கும்.

## ஒரே பார்வையில்

நேரக் கணக்கு என் கையால் கடிகாரம் வைத்துப் பார்த்தது. பிறருக்குச் சற்று மாறலாம்.

| அளவுகோல் | கைபேசி | பாக்கெட் கேமரா | சிறிய மிரர்லெஸ் | டெலி தொகுப்பு |
|---|---|---|---|---|
| நின்றபின் எடுக்கும் நேரம் | 10 நொடி | 8 நொடி | 15–20 நொடி | ஒரு நிமிடத்துக்கு மேல் |
| எடை | 200 கிராம் அளவு | 250–300 கிராம் | 450–700 கிராம் | 900 கிராம் முதல் 3 கிலோ |
| மூச்சு வாங்கும்போது | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை | சற்றுக் கவனம் | காத்திருக்க வேண்டும் |
| முதன்மை எதிரி | அதிர்வு, வெயில் | தூசி | வியர்வை, பூஞ்சை | அதிர்வு, களவு |
| சைக்கிளை விட்டு நகர | எளிது | எளிது | எளிது | கடினம் |
| எடுக்கப் பொருத்தமானவை | குறிப்புப் படங்கள் | தெரு, மனிதர், சாலையோரம் | நிலக்காட்சி, மனிதர், கோயில் | பறவை |

## எங்கே வைப்பது

கேமராவைத் தேர்ந்தெடுத்தபின் வரும் இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகத் தவறுகள் செய்து விடை கண்டேன்.

கழுத்தில் மாலைபோலத் தொங்கவிடுவது எல்லோரும் முதலில் செய்வது. குனிந்து மிதிக்கும்போது கேமரா ஊஞ்சலாடி முழங்காலில் இடிக்கும். விழுந்தால் நெஞ்செலும்புக்கும் தரைக்கும் நடுவே அதுதான் இருக்கும். பட்டையின் நீண்ட நுனி முன்சக்கரக் கம்பிகளில் சிக்கினால் கேமரா, சைக்கிள், ஆள் மூன்றும் ஒன்றாகப் போகும். எனவே எந்தப் பட்டையானாலும் உபரி நுனியை வெட்டியோ தைத்தோ விடவேண்டும்.

கைப்பிடிப் பை எடுப்பதற்கு மிக வசதியானது. கண்ணெதிரே இருப்பதால் களவு பயமும் இல்லை. ஆனால் சாலையின் ஒவ்வொரு குண்டும் குழியும் நேராக அதற்குள் இறங்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் அதில் வைத்திருந்த லென்ஸ் ஒன்றின் முன்வளையம் ஆடத் தொடங்கியது. பார்த்தால் நுண்திருகுகள் இரண்டு கழன்று பைக்குள்ளேயே கிடந்தன. கேமராவுக்கு அடியில் தடித்த நுரைப்பஞ்சு போட்டபின் அந்தத் தொல்லை குறைந்தது. ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றினால் திருப்பும்போது கைப்பிடி தன் இஷ்டத்துக்கு இழுக்கும்.

பின் கேரியரில் பெட்டி கட்டுவது முதுகுக்கு இதம், கேமராவுக்குத் தண்டனை. பின்சக்கரம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சீட்டிலிருந்து நாம் எழும்பிக்கொள்வோம். பெட்டியால் எழும்ப முடியாது. முதுகுப்பை இதற்கு நேர் எதிர்: நம் காலும் இடுப்பும் அதிர்வை விழுங்கிவிடுவதால் கேமராவுக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் பத்துக் கிலோமீட்டருக்குள் முதுகு நனைந்துவிடும். மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்கு அடியில் மூன்று கிலோ கண்ணாடியும் உலோகமும் இருக்கும். மோசமான சாலையில் விலையுயர்ந்த டெலியைக் கொண்டுபோகும் நாளில் மட்டும் முதுகுப்பையைத் தேர்ந்தெடுக்கிறேன், மெதுவாகவும் ஓட்டுகிறேன்.

700 கிராமுக்குள் அடங்கும் கேமராவுக்கு, தோளின் குறுக்கே போட்டு இடுப்போடு இன்னொரு சிறு பட்டையால் இறுக்கிய வார்தான் கடைசியில் என்னிடம் நிலைத்தது. கேமரா பின்னிடுப்பில் ஒட்டிக் கிடக்கும். நின்றதும் ஒரு இழுப்பில் முன்னால் வரும். பாக்கெட் கேமராவானால் சட்டையின் மேல்பையில் வேண்டாம். குனியும்போது தார்ச்சாலைதான் அதைப் பிடித்துக்கொள்ளும். பித்தான் உள்ள பக்கப்பையே நல்லது.

## யாருக்கு எது

படம் எடுக்க வேண்டும் என்ற தவிப்பு இல்லாமல், போகிற வழியில் ஏதாவது கிடைத்தால் போதும் என்பவர் கைபேசியோடு நிற்கலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நாள்தோறும் ஒரே சாலையில் இருபது கிலோமீட்டர் சுற்றுபவருக்குப் பாக்கெட் கேமராவைச் சொல்வேன். ஒரே சாலை அலுக்குமே என்று கேட்பவர்கள் கார்ப் பருவ நெல் நடவு தொடங்கி, அடுத்து வரும் பிசானப் பருவ அறுவடை வரை அதே வயலைப் பார்த்ததில்லை. நிலக்காட்சி எடுப்பவருக்கு மூன்றாம் தெரிவு. அவர் திசையையும் கணக்கில் கொள்ள வேண்டும்: மேல்காற்றுக் காலத்தில் விடிந்ததும் மேற்கே மிதித்தால் காற்று எதிர்க்கும், ஆனால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து மலைத்தொடரின் மேல் விழும்; திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். கிழக்கே போனால் போகும்போது சுகம், கண்ணெதிரே சூரியன், திரும்பும்போது எதிர்காற்றும் உச்சிவெயிலும்.

பாக்கெட் கேமராவையும் டெலியையும் ஒரே நாளில் சேர்த்துக் கொண்டுபோவதுதான் நான் பார்த்தவற்றுள் மோசமான ஏற்பாடு. சாலையோரம் சிறு கேமரா, குளக்கரையில் பெரியது என்று கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நடைமுறையில், முதுகில் இருக்கும் மூன்று கிலோ "சீக்கிரம் போ, வெளிச்சம் போகிறது" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பதால், சிறியது சட்டைப்பையை விட்டு வெளியே வருவதில்லை.

நண்பரிடம் இருந்த மூன்றில் ஒன்று பத்தாண்டுப் பழைய பாக்கெட் கேமரா. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து, கைபேசி வந்தபின் யாரும் தொடாமல் கிடந்தது. மின்கலத்தை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டு ஒரு மாதமாக அதையே கொண்டுபோகிறார்; டெலி, கூந்தன்குளத்துக்குக் காரில் போகும் நாளுக்காக உலர்பெட்டியில் இருக்கிறது. போன வாரம் குறுக்குத்துறைப் படித்துறையில் எடுத்த படங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் சட்டம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடியே எடுத்தாராம், அதில் ஸ்டாண்டு இல்லை. நாளை இருவருமாகக் கடைக்குப் போய் அதைப் பொருத்திவிட்டு வருவதாக இருக்கிறோம்.